பூட்டும் உரிமை மேலாளருக்கே

தீயைக் கண்டுபிடித்தவனும் சக்கரத்தைக் கண்டுபிடித்தவனும் மனித குலத்துக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்வதற்கென்றே பிறந்தவர் நம் மேலாளர். தீ தானாகப் பரவுகிறது, சக்கரம் தானாக உருள்கிறது. யாரைக் கேட்டு?

அவர் தலைமை தாங்கிய குடிநீர்க் குழாய் அலுவலகத்தில் அவர் கையெழுத்தில்லாமல் துடைப்பம்கூட அசையாது. வாசலில் ஆளைக் கண்டால் திறந்துகொள்ளும் கண்ணாடிக் கதவு ஒன்று இருந்தது. அதன் மின்கண்ணின்மேல் பிளாஸ்திரி ஒட்டச் சொல்லிவிட்டார். காலையில் முதல் ஆளாக வந்து சாவி போட்டுத் திறப்பவர் அவர். பிறகு யார் வந்தாலும் கண்ணாடியைத் தட்ட வேண்டும். உள்ளே இருக்கும் காவலர் மாடிக்குப் போன் செய்வார், மேலாளர் தம் அறை போனில் "திற" என்பார், காவலர் பொத்தானை அழுத்துவார். மழை நாளில் வாசலில் ஒரு கும்பல் தொப்பலாக நனைந்தபடி நிர்வாகத்தை 'வாழ்த்திக்கொண்டு' நிற்கும்.

இந்த மகானுக்கு ஒரு மனைவி. பிள்ளைகளுக்காக விட்டுவிட்ட ரத்தப் பரிசோதனைக்கூட வேலை அம்மையாருக்கு மறுபடி கிடைக்கும் போலிருந்தது. ஆஸ்பத்திரியோ நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், பஸ் போகாத இடம். தானே கார் ஓட்டிப் போனால்தான் வேலை. அவருடைய இடது முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கிளட்சை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார். ஆகவே, விபத்தில் நொறுங்கிய ஒரு காரிலிருந்து ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியை எடுத்து வீட்டுக் காரில் பொருத்தித் தருவதாக அம்மையாரின் தம்பி முன்வந்தான். அவன் மெக்கானிக். மேலாளர் 'கொள்கையளவில்' ஒப்புக்கொண்டார். கொள்கை பட்டறை வாசல்வரைதான் தாங்கியது.

"அத்தான், இஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவுல இந்த உருண்டை இருக்கு பாருங்க, கன்வெர்ட்டர். இதுக்குள்ள எண்ணெய்தான் தள்ளிவிடுது. அதனால கொஞ்சம் வழுக்கும். அப்படி வழுக்கறதாலதான் கார் நின்னாலும் இஞ்சின் நிக்காம ஓடுது."

"வழுக்குமா? அதை அனுமதிச்சது யாரு?"

"நல்ல வேகம் வந்ததும் உள்ள ஒரு பூட்டு விழும், அப்புறம் வழுக்காது. பெட்ரோல் மிச்சம், சூடும் ஏறாது. அந்த நொறுங்கின காருல இதைப் பாத்துக்க கம்ப்யூட்டர் இருந்துச்சு, நம்ம காருல இல்ல. சின்னதா ஒரு கன்ட்ரோல் பெட்டி வாங்கி மாட்டிட்டா அதுவே பூட்டும், அதுவே எடுத்துடும்."

"அதுவேன்னா? ஒரு தகரப் பெட்டி முடிவெடுக்கும், நான் பக்கத்துல பொம்மையாட்டம் உக்காந்திருக்கணுமா? ஸ்விட்ச் வை, மாப்ளே."

"வைக்கலாம், பல பேரு அப்படித்தான் வைக்கறாங்க. ஆனா ஒயரை பிரேக் வழியா கொண்டுவந்துடறேன். பிரேக்கைத் தொட்டதும் பூட்டு விட்டுரணும். இல்லேன்னா கார் நிக்கறப்ப இஞ்சினும் செத்துரும்."

மேலாளரின் மீசை துடித்தது. "நான் போட்ட உத்தரவை பிரேக் ரத்து பண்ணுமா? பிரேக் எந்த கிரேடு?"

"பிரேக்குக்கு ஏது கிரேடு அத்தான்? அது காலுக்குக் கீழ கிடக்குது."

"அப்ப கீழயே கிடக்கட்டும்."

மச்சினன் ஸ்பானரை வைத்துவிட்டு அக்காவின் பக்கம் சாய்ந்தான். "அக்கா, டேஷ்போர்டுக்கு அடியில இந்தச் சிவப்பு ஒயர்ல கரண்ட் வந்தாத்தான் பூட்டு விழும். ஒயர் கழண்டாலும் பயமில்ல. எப்பவும் வழுக்கிட்டே ஓடும், பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்." அம்மையார் குனிந்து அந்த ஒயரைப் பார்த்துக்கொண்டார்.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் 'ஸ்விட்ச் அமைவிட ஆய்வுக் குழு' கூடியது. தலைவர் மேலாளர், செயலாளர் மேலாளர், சிறப்பு அழைப்பாளர் மனைவி. பக்கத்து இருக்கைக்கு எதிரே, மூடியும் பூட்டும் கொண்ட டேஷ்போர்டு அறைக்குள் ஸ்விட்ச் இருக்கும் என்றும், அதன் சாவி மேலாளரின் அலுவலகச் சாவிக் கொத்தில் சேரும் என்றும் ஏகமனதாக முடிவாயிற்று.

"ஓட்டறது நான்தானேங்க? எனக்கு எட்ட வேண்டாமா?"

"நீ தாராளமா ஓட்டு. அதுல நான் தலையிடவே மாட்டேன். பூட்டறதும் எடுக்கறதும் மட்டும் என்கிட்ட."

"அப்ப தினமும் என்கூட வருவீங்களா?"

"நான் வர முடியாத அன்னிக்கு நீ லீவு போட்டுடு."

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. ஊழியர்களைக் கோழி கூவும் நேரத்துக்கே வரவழைத்து அலுவலகத்தில் விட்டு அடைத்துவிட்டு, மேலாளர் காரில் ஏறினார். நெடுஞ்சாலையில் வேகம் கூடியதும் மூடியைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். இஞ்சினின் உறுமல் சட்டென்று அடங்கியது. "பாத்தியா? ஒழிஞ்சது வழுக்கல்!" என்று பூரித்து, பாதுகாப்பு கருதி மூடியைப் பூட்டினார்.

"என்னங்க, சிக்னல் வருது. எடுத்துடுங்க."

"என்ன காரணம்னு சொல்லு."

"சிவப்பு விளக்குங்க!"

"அது டிராஃபிக்காரன் போட்ட உத்தரவு. என் உத்தரவு வேற." ஆனாலும் பெருந்தன்மையோடு சாவிக் கொத்தைத் தேடி எடுத்தார், ஒவ்வொரு சாவியாகப் பார்த்தார், சரியானதை மூடியில் நுழைத்தார். கார் கிடுகிடுவென்று நடுங்கி, சிக்னல் கோட்டருகே உயிரை விட்டது. அம்மையார் நியூட்ரலுக்கு மாற்றி ஸ்டார்ட் செய்தார். கியரில் போட்டதும் மறுபடி செத்தது. பின்னால் ஹாரன்கள் அலறின.

உத்தரவில்லாத சத்தம்! சாவியைத் திருப்பக்கூட மறந்து மேலாளர் இறங்கினார். நேரே பின்னாலிருந்த லாரி டிரைவரிடம் போனார்.

"ஹாரன் அடிக்க யாருய்யா சொன்னது?"

"சார், பச்சை விழுந்துருச்சு."

"அதுவும் தானாத்தானே விழுந்துச்சு!"

காருக்குள் சாவிக் கொத்து மூடியில் ஆடிக்கொண்டிருந்தது. அம்மையார் அதைத் திருப்பி ஸ்விட்சை அணைத்திருக்கலாம். நாளைக்கும் அது அங்கேயே இருக்குமே! அவர் குனிந்து சிவப்பு ஒயரை வேரோடு பிடுங்கினார். கார் கிளம்பியது. "நேரமாச்சுங்க! நீங்க டாக்ஸி பிடிச்சு ஆபீஸ் போங்க!" என்ற குரல் மட்டும் மேலாளரை வந்தடைந்தது.

அவர் அலுவலகம் வந்து சேர்ந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. சாவிக் கொத்து காரோடு போய்விட்டதால் கண்ணாடியைத் தட்டினார். காவலர் எழுந்து வணக்கம் வைத்தார், மாடிக்குப் போன் செய்தார். மாடியில் மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"மேலாளர் எடுக்கலைங்க ஐயா."

"மேலாளரே நான்தான்யா! இதோ சொல்றேன், திற!"

"உங்க ரூம் போன்லேர்ந்து சொல்லணுங்க ஐயா. வாசல்ல நின்னு யாரு வேணும்னாலும் என்ன வேணும்னாலும் சொல்லுவாங்கன்னு நீங்கதானே சர்க்குலர் போட்டீங்க!"

மழை வலுத்தது. சட்டைப்பையில் செல்போன் அடித்தது.

"வேலை கிடைச்சிருச்சுங்க! நாளையிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

"ஸ்விட்ச் என்னாச்சு?"

"ஒயரைப் பிடுங்கிட்டேன். கார் ஜம்முனு ஓடுது."

"நான் இல்லாம எப்படி ஓடும்?"

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மேலாளர் கண்ணாடியில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தார். அவருடைய கையெழுத்துக்காகப் பூசணம் பூத்துக் கிடந்த ஃபைல்கள் மேசைக்கு மேசை ஓடிக்கொண்டிருந்தன. எப்போதும் வாய்தா வாங்கிப் போகும் ஒரு கிழவர், விடியற்காலையிலேயே ஊழியர்களோடு ஊழியராக உள்ளே நுழைந்திருந்தவர், குழாய் இணைப்புக்கான உத்தரவைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். அந்த அலுவலகம் திறந்த நாள்முதல் முழுமூச்சாக இயங்கிய ஒரே நாள் அதுதான். அதற்கான முழுப் பெருமையும் நம் மேலாளரையே சாரும்: அன்று அவர் வெளியே நின்றார்.