கதவு சாரின் மனநிறைவு

உலகத்தில் உள்ள தொழில்களிலேயே அதிக அர்ப்பணிப்பும் அதிக மனநிறைவும் கொண்டது ஆசிரியர் தொழில்தான் என்பது ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்டுவிட்டது. நிரூபித்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவர்கூட ஆசிரியர் இல்லை. ஆசிரியரைச் சேர்த்தால் 'பக்கச்சார்பு' வந்துவிடும் என்று அஞ்சி, ஒரு பல் டாக்டர், ஒரு தணிக்கையாளர், ஒரு விளம்பர நிறுவன மேலாளர், ஓய்வு பெற்றும் ஓய்வெடுக்காத சில அதிகாரிகள் என்று பொறுக்கியெடுத்து அந்தக் குழுவை அமைத்திருந்தார்கள். 'பணிசார் மனநிறைவு ஒப்பாய்வு உயர்மட்டக் குழு' என்பது பெயர். இதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் என்ற தகுதியில்தான் அதன் தலைவர் தேர்ந்தெடுக்கப்பட்டதாகக் கேள்வி.

அவர்களுக்கு ஆதாரமாக அகப்பட்டவர் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியர். பிள்ளைகள் அவரைக் கதவு சார் என்பார்கள். நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் நடுச்சுவரில், பின்பக்கமாக ஒரு வாசல் இருந்தது. கதவு எப்போதோ கழன்று போய் நிலை மட்டும் மிச்சம். கதவு இருக்க வேண்டிய இடத்தில் அவர் நின்றார். நாலாம் வகுப்பு ஆசிரியை ஓய்வு பெற்றபோது, "தற்காலிகமா நீங்களே ரெண்டையும் பாத்துக்குங்க சார்" என்று சொல்லப்பட்டது. அந்தத் தற்காலிகம் இப்போது அங்கே படிக்கும் எந்தப் பிள்ளையை விடவும் வயதில் மூத்தது.

இடது பையில் நாலாம் வகுப்புக்குச் சாக்பீஸ், வலது பையில் ஐந்தாம் வகுப்புக்கு. ஐந்தாம் வகுப்பு அந்தப் பள்ளியின் கடைசி வகுப்பு என்பதால் முகம் அந்தப் பக்கம். நாலாம் வகுப்புக்கு முதுகு. அவர்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தோளுக்கு மேலாகச் சொல்வார். அவர் சாய்ந்து சாய்ந்து நிலையின் ஒரு பக்கம் தோள் உயரத்தில் வழவழப்பாகிவிட்டது. கழுத்து போன கதையைச் சொல்லப் போனால் அது தனிப் புராணம். வீட்டில்கூட சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டுதான் காப்பி குடித்தார். உட்காரச் சொன்னால், எந்தப் பக்கம் பார்த்து உட்காருவது என்று குழம்பிவிடுவார்.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. இன்னொரு ஆசிரியர். அவ்வளவுதான். ஒரு வகுப்புக்குள் போய், ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அது கணக்கை எங்கே தப்பாகப் போடுகிறது என்று கடைசிவரை பார்க்க வேண்டும். இதற்காக அவர் கேட்காத அலுவலகம் இல்லை. போன இடமெல்லாம் நாற்காலி போட்டு, "உங்களை மாதிரி ஆளுங்களாலதான் சார் நாடே நிக்குது" என்று சொல்லி அனுப்பினார்கள். நாடு நின்றதோ என்னவோ, அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

இந்த நிலையில்தான் தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டார்.

"சார், அடுத்த வாரம் ஒரு குழு வருது. மனநிறைவை அளக்கறாங்களாம்."

"எதை வெச்சு மேடம்?"

"அது எனக்கும் புரியல. ஆனா, மனநிறைவு குறைவா இருந்தா, என்ன குறைன்னு பாத்து அதை உடனே சரி பண்ற அதிகாரம் அவங்களுக்கு இருக்காம். ஆள் போடறது உட்பட." தலைமையாசிரியை குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்க புரிஞ்சுக்குங்க."

கதவு சார் புரிந்துகொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவர் வங்கியில் கவுன்டரில் இருப்பவர். கணவர் இத்தனை வருஷம் சொல்லிப் புலம்பியதை எல்லாம் கேட்டுக் கேட்டு, ஒரு முடிவுக்கு ஏற்கெனவே வந்திருந்தவர்.

"இது என்னங்க பெரிய விஷயம்? அன்னிக்கு ஒரு நாள் மட்டும் நல்லா சொல்லித் தராதீங்க."

"அது எப்படி முடியும்?"

"எங்க பேங்குக்கு வந்து பாருங்க. ஒரு நேரத்துல ஒருத்தர்தான். ரெண்டாவது ஆள் வந்தா, வரிசையில நில்லுங்கம்போம். யாரும் எங்களைத் தியாகின்னு சொல்றதில்ல. ஆனா போன மாசம்கூட ஒரு ஆள் கூடுதலா போட்டாங்க. நீங்க அஞ்சாம் வகுப்புக்குள்ள போய் உக்காந்துக்குங்க. நாலாம் வகுப்பு என்ன ஆனா என்ன? அதை அந்தக் குழுக்காரங்களே பாக்கட்டும்."

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நல்லதைச் செய்ய ஒத்திகை வேண்டாம், கெட்டதைச் செய்யத்தான் வேண்டும். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே மனைவி பயிற்சியை ஆரம்பித்தார்.

"சரி, நான்தான் நாலாம் வகுப்பு. அம்பத்திரண்டுல பதினேழு போனா நாப்பத்தஞ்சு."

கதவு சார் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"நாப்பத்தஞ்சு சார். நாப்பத்தஞ்சேதான்."

அவர் தட்டையே பார்த்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மனைவி வேறு பேச்சுக்குப் போய், எதிர்வீட்டுக் கல்யாணம், குழாயில் தண்ணீர் வராதது, தங்கைக்குப் போன் செய்யாதது எல்லாம் பேசி முடித்து, கை கழுவ எழுந்த நேரத்தில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ரெண்டுலேர்ந்து ஏழு போகாதும்மா."

மனைவி தலையில் அடித்துக்கொண்டார். "உங்களை வெச்சுக்கிட்டு ஒரு தப்பு பண்ண முடியுதா?"

குழு வந்தது. வந்ததும் தலைவர் பள்ளிக்கூட வாசலில் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். விளம்பர மேலாளர் அதைப் படமெடுக்கத் தவறிவிட்டதால் இன்னொரு முறை ஒற்றிக்கொண்டார். பிறகு எல்லோரும் நாலாம் வகுப்பில் பின்பெஞ்சுகளில் போய் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். மற்றத் தொழில்களை எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அவர்கள் வந்திருந்தார்கள். வக்கீல்கள், "இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்களாம். பொறியாளர்கள் சாப்பாட்டு வேளையில் வரச் சொன்னார்களாம். பல் டாக்டர்களைப் பார்க்கப் போனபோது, முன்பதிவு செய்தீர்களா என்று கேட்டார்களாம். அர்ப்பணிப்பு இல்லாத உலகம்.

கதவு சார் திட்டப்படி ஐந்தாம் வகுப்புக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நாற்காலி அவரை அறியாது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. சார் உட்கார்ந்தால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரத்தில் கூச்சல் கிளம்பும், குழு பார்க்கும், ஆள் கிடைக்கும் என்று அவர் காத்திருந்தார்.

கூச்சல் கிளம்பவில்லை. முதுகைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள்; முதுகும் இல்லாதபோது என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வகுப்புத் தலைவியான சிறுமி எழுந்து போய்ப் பலகையில் கணக்கு எழுதினாள். எண்பத்தொன்றிலிருந்து இருபத்தாறைக் கழிக்க வேண்டும். அவள் எழுதுவது அவருக்குத் தெரியாது, ஆனால் கேட்டது. சாக்பீஸ் சத்தம் எங்கே தயங்குகிறது என்று கேட்டே தப்பைக் கண்டுபிடிக்கும் காது அவருக்கு. ஒன்றின் அருகே அது தயங்கியது. பிறகு விறுவிறுவென்று போனது.

"அறுபத்தஞ்சு" என்றாள் சிறுமி.

கதவு சார் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். மனைவியை நினைத்துக்கொண்டார். கழுத்தை நினைத்துக்கொண்டார். இன்னொரு ஆசிரியரை, அவர் முகத்தைக்கூட நினைத்துப் பார்த்தார்.

அப்போது தலைவரின் குரல் கணீரென்று கேட்டது: "வெரி குட்! எல்லாரும் கை தட்டுங்க!"

தணிக்கையாளர் உட்பட எல்லோரும் தட்டினார்கள். பொறுக்க முடியவில்லை. அடுத்த கணம் அவர் வாசலில் நின்றார்.

"ஒண்ணுலேர்ந்து ஆறு போகுமாம்மா?"

"போகாது சார்."

"அப்ப நீ என்ன பண்ணின?"

"ஆறுலேர்ந்து ஒண்ண எடுத்துட்டேன் சார்."

"இல்லாதவங்ககிட்ட இருந்து எடுக்க முடியலன்னதும், ஆளையே மாத்திட்ட. அப்படித்தானே? பக்கத்து வீட்ல கேட்டியா?"

"கேக்கல சார்."

"கேளு. எட்டு பேர் இருக்காங்களே, ஒருத்தர அனுப்ப மாட்டாங்களா?"

அவள் கேட்டாள். எட்டு ஏழானது, ஒன்று பதினொன்றானது, ஐம்பத்தைந்து வந்தது. வந்தபோது அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்க்க அவர் முழுசாகத் திரும்பினார். அவ்வளவுதான், மனிதர் தன்னை மறந்தார். அதே பக்கத்து வீட்டை இந்தப் பக்கம் ஐந்தாம் வகுப்புக்குப் பின்னமாக்கினார், அந்தப் பக்கம் கழித்தலாக்கினார். இடது கை ஒரு பலகையைக் காட்ட, வலது கை இன்னொன்றைக் காட்ட, இரண்டு வகுப்பும் சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டன. வாழ்நாளில் அவ்வளவு நன்றாக அவர் பாடம் நடத்தியதே இல்லை. வேறெந்தத் தொழிலிலும் இப்படி ஒரு முட்டாள்தனம் நடக்காது.

மணி அடித்தபோது தலைவர் அழுதுகொண்டிருந்தார்.

"இதுக்குப் பேரு என்ன முறை?" என்று கேட்டார் விளம்பர மேலாளர்.

"முறை எல்லாம் இல்லீங்க. ஆள் இல்ல."

"வாசற்படி முறை" என்று மேலாளர் எழுதிக்கொண்டார்.

கதவு சாருக்கு அப்போதுதான் தான் செய்துவிட்ட காரியம் உறைத்தது. கடைசி முயற்சியாகப் பல் டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர், நீங்க சொல்லுங்க. ஒரே நேரத்துல ரெண்டு வாயில வேலை செய்வீங்களா?"

"சேச்சே" என்றார் பல் டாக்டர், உண்மையான அடக்கத்தோடு. "ஒரு நேரத்துல ஒரு முகம்தான். உங்க அளவுக்கு அர்ப்பணிப்புக்கு நாங்க எங்க சார் போறது?"

இதைச் சிறுமி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூன்றே வாரத்தில் ஆணை வந்தது. இந்த ஆசிரியரின் மனநிறைவு இதுவரை அளக்கப்பட்ட எல்லாத் தொழிலினரையும் விஞ்சியிருப்பதாகவும், அந்த மனநிறைவு இரண்டு வகுப்புகளை ஒருசேரப் பார்ப்பதிலிருந்தே ஊறுவதாகவும், ஆகவே இன்னோர் ஆசிரியரை நியமிப்பது 'அவருடைய மனநிறைவில் சரிபாதியைப் பறிக்கும் கொடுமை' என்றும் குழு ஒருமனதாகக் கருதியது. அதோடு விடவில்லை. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்பு இருப்பதை யாரோ கவனித்திருக்கிறார்கள். வாசலை ஒட்டி அந்தச் சுவரையும் திறந்துவிட்டால், மனநிறைவு ஒன்றரை மடங்காகும் அல்லவா? மூன்றாம் வகுப்பு டீச்சர் 'உபரி' என்று அறிவிக்கப்பட்டு, வாசற்படி முறையைப் பிற பள்ளிகளில் பரப்பும் பணிக்கு அனுப்பப்பட்டார். மறுநாளே சுவரை இடிக்க ஆள் வந்துவிட்டது. ஆசிரியர் வேண்டுமென்று கேட்டால்தான் வருஷக்கணக்காகும். சுவரை இடிக்க உடனே ஆள் கிடைக்கும்.

"நான் சொன்னேனே" என்று மனைவி சொல்லவில்லை. கழுத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். "அந்தப் பொண்ணுக்குக் கணக்கு வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். வந்தது என்றார் அவர். அதைச் சொன்னபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருந்ததே அவருக்குப் பெரிய அவமானமாகவும் இருந்தது.

பாராட்டு விழா பள்ளி முற்றத்தில் நடந்தது. மேடையில் குழு முழுவதும். நடுவில் கதவு சார், பொன்னாடைக்குள் கழுத்து திரும்பாமல். தலைவர் ஆசிரியப் பணியின் மேன்மையைப் பற்றி, மூச்சுவிடும் இடங்களில் மட்டும் நிறுத்திப் பேசினார். முடிவில் ஒலிபெருக்கியைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினார்.

"உங்கள்ல யாரெல்லாம் பெரியவங்களானதும் ஆசிரியர் ஆகப் போறீங்க? கையைத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கைகூட எழவில்லை. காற்று மட்டும் ஒலிபெருக்கியில் புஸ்புஸ் என்றது. தலைவர் முன்வரிசையில் இருந்த சிறுமியைப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னிக்குக் கணக்குப் போட்டியே. உனக்கு உங்க சாரைப் பிடிக்காதா?"

"ரொம்பப் பிடிக்கும்."

"அப்புறம் என்ன?"

சிறுமி எழுந்து மேடையடிக்கு வந்து, பிள்ளைகள் பக்கம் திரும்பி நின்றாள். "நாலாம் வகுப்புல எங்களுக்கு சாரோட முதுகுதான். அஞ்சாம் வகுப்பு போனா முகம் தெரியும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். இப்ப மூணாம் வகுப்புக்கும் ஒரு வாசல் வெச்சுட்டீங்க. சின்னப் பசங்கன்னு சார் இனிமே அவங்களைப் பாத்துத்தான் நிப்பாரு. அஞ்சாம் வகுப்பு போனாலும் எங்களுக்குக் காதுதான்."

"சரி, நீ என்ன ஆகப் போற?"

"பல் டாக்டர். அவங்க ஒருத்தர் ஒருத்தரா, முகத்தைப் பாத்து வேலை செய்வாங்களாம்."

பல் டாக்டர் செருப்பைப் பார்த்துக்கொண்டார். தலைவர் மட்டும் கலங்கவில்லை. "குழந்தைக்கு அர்ப்பணிப்புன்னா என்னன்னு இன்னும் புரியல. சார்தான் சொல்லிக் குடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டே கை தட்ட, எல்லோரும் தட்டினார்கள். அறுபத்தைந்துக்குத் தட்டிய அதே கை.

கதவு சார் மேடையிலிருந்து இறங்கினார். பொன்னாடை நழுவியதை எடுக்கவில்லை. சிறுமியின் எதிரே போய் மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்து, வேறெந்தப் பக்கமும் திரும்பாமல், அவளை நேராகப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, "எல்லாரும் சிரிங்க" என்று, கேமராவோடு கீழே இறங்கிப் பிள்ளைகள் பக்கம் நின்ற விளம்பர மேலாளர் சொன்னார்.

அந்தப் படம்தான் குழுவின் இறுதி அறிக்கைக்கு அட்டைப்படம். படமெடுத்த மேலாளர் போக மற்றப் பத்துப் பேரும் மேடையில் வரிசையாக நின்று பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். முன்னால் ஒரு மனிதர், முதுகு மட்டும். அடிக்குறிப்பை விழாவுக்கு முன்பே அச்சடித்து வைத்திருந்ததால் மாற்ற முடியவில்லை: 'மனநிறைவு ததும்பும் ஆசிரியரின் முகம்.'

அந்த முகத்தில் என்ன ததும்பியது என்று பார்த்தவள் ஒரு சிறுமிதான். அவளைக் குழு விசாரிக்கவில்லை.