இடது பின்கதவின் ஆறு ஸ்குறூ

பஸ்ரியாம்பிள்ளை கையிலிருந்ததைக் கண்ணாடிக்கு மேலால் ஒருமுறை பார்த்தார்; கண்ணாடிக்குள்ளால் ஒருமுறை பார்த்தார். சந்தேகமே இல்லை. ஸ்குறூ இருந்த இடத்திலேயே இருந்தது. அதைக் கழற்றப் போன இரும்புதான் முறுகிக்கொண்டு நின்றது.

"இரும்பெண்டு சொல்லித்தானே வித்தவன்?" என்று காரைப் பார்த்துக் கேட்டார்.

ஸ்குறூ டிறைவரின் நுனியில் மாட்டுகிற சின்னத் துண்டுக்கு பிற் என்று பெயர். முப்பத்திரண்டு பிற் அடங்கிய பெட்டி ஒன்றை யாழ்ப்பாணத்தில், பஸ் நிலையத்தடி நடைபாதையில் வாங்கியிருந்தார். முப்பத்திரண்டும் அந்த விலைக்கா என்று வாங்கும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. இப்போது முதலாவது பிற், பிழிந்த துணி போலக் கையில் கிடந்தது.

அவர் ஓய்வுபெற்ற போஸ்மாஸ்ரர். முப்பத்தொரு வருடம் முத்திரை குத்திய கை. உலகத்தில் மிச்சமுள்ள வேலையெல்லாம் அந்தக் கைக்குச் சின்ன வேலை என்பது அவருடைய எண்ணம்.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை தம்பி சந்தியோகின் மகள் துசாராவுக்குக் கலியாணம். நாரந்தனையிலிருந்து ஊர்காவற்றுறைக் கோயிலுக்கு அவள் போக இருப்பது பெரியப்பாவின் அறுபத்தேழாம் ஆண்டு மொறிஸ் மைனர் காரில். ஏசி போட்ட வெள்ளைக் கார் பிடிக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னபோது, "பெரியப்பாவின்ரை கார் இல்லாட்டி நான் நடந்து போவன்" என்று அவள் சொல்லிவிட்டாளாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பஸ்ரியாம்பிள்ளைக்குக் கால் நிலத்தில் படவில்லை.

கார் நன்றாகத்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை கழுவித் துடைத்து இடது பின்கதவைச் சாத்தியபோதுதான் உள்ளே எதுவோ 'கடக்' என்றது. கதவின் உட்பக்கத்து றெக்சின் பலகையைப் பிடித்திருந்தவைதான் அந்த ஆறு ஸ்குறூவும்.

"ஒரு கடக்குக்கு ஏனப்பா கதவைக் கழட்டுறியள்?" என்றாள் மனைவி ஞானசவுந்தரி.

"கோயில் வாசலிலை பொம்பிளையை இறக்கிப்போட்டுக் கதவைச் சாத்தேக்கை கடக் எண்டால் சனம் என்ன நினைக்கும்?"

"சனம் பொம்பிளையைப் பாக்கும்."

"நீர் சும்மா இரும்."

ஞானசவுந்தரிக்குப் பயப்படக் காரணம் இருந்தது. பெற்ற மகனின் ஞானஸ்நானத்துக்கு முதல்நாள் காபரேட்டரைக் கழற்றிப் பேப்பரில் பரப்பியவர் இந்த மனிதர். பிள்ளை மாட்டுவண்டிலில் போய்த்தான் ஞானஸ்நானம் பெற்றது. ஆயர் வந்த வருடம் பிரேக்கைக் கழற்றினார். அதைப்பற்றி அந்த வீட்டில் இன்றைக்கும் யாரும் கதைப்பதில்லை.

முறுகிய பிற்றை அவளிடம் நீட்டினார்.

"ஆறு ஸ்குறூவிலை ஒண்டும் அசையேல்லையோ?" என்று கேட்டாள்.

"ஒரு இம்மியும் அசையேல்லை. முந்தி இதே ஸ்குறூவளை நான் ஓலை வாருற சத்தக நுனியாலை கழட்டினனான்."

"அப்ப விடுங்கோ. வந்து சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள். அன்றைக்கு நண்டுக்குழம்பு. புதன்கிழமையில் நண்டு ஏன் என்று அவர் யோசிக்கவில்லை.

பின்னேரம் ஊர்காவற்றுறைச் சந்தியிலிருந்த ஹாட்வெயார் கடைக்குப் போனார். தகப்பனுக்குப் பிறகு அந்தக் கடையைத் தனியாளாக நடத்துபவள் சுலோஜனா.

"பிள்ளை, ஒரு பிற் வேணும். நாள்பட உழைக்கவும் வேணும், கையைக் கடிக்கவும் கூடாது."

"எனக்கு மாப்பிளை பாக்கேக்கை அம்மாவும் இப்பிடித்தான் கேட்டவா ஐயா. இன்னும் கிடைக்கேல்லை" என்றாள் அவள். முறுகிய பிற்றை வாங்கிப் பார்த்தாள். "பெட்டியா வாங்காதேங்கோ. முப்பத்திரண்டிலை உங்களுக்குத் தேவைப்படுறது ரெண்டுதான். அந்த ரெண்டையும் நல்லதாத் தனியா வாங்கினால், பெட்டி வாங்கின காசுதான் வரும். இது கறுப்பு உருக்கு. வளையாது."

அவள் பொய் சொல்லவில்லை. அது வளையவில்லை. இரண்டாம் திருப்பில் 'டிங்' என்று முறிந்து, நுனி ஸ்குறூவின் தலைக்குள்ளேயே தங்கிவிட்டது. கைபிடியுடன் நின்ற பஸ்ரியாம்பிள்ளைக்கு வாய் மூட மறந்துபோயிற்று.

வியாழன் காலை ஆஸ்பத்திரியடியில் கராஜ் வைத்திருக்கும் மேர்வினைக் கூட்டிக்கொண்டு வந்தார். மேர்வின் குந்தியிருந்து ஒரு ஸ்குறூவை உற்றுப் பார்த்தான்.

"ஐயா, இதைச் சும்மா கூட்டல் குறித் தலையெண்டு நினைச்சியளோ?"

"வேறை என்ன?"

"கூட்டலுக்கு இடையிலை நாலு சின்னக் கோடு தெரியுதெல்லே? கனக்க இங்கிலீசுக் கார்களிலை இப்பிடித்தான் இருக்கும். இதுக்கு வேறை பிற். மற்றதைப் போட்டால் வழுக்கி வழுக்கித் தலையைத் தின்னும்."

பஸ்ரியாம்பிள்ளை திடுக்கிட்டுப் போனார். அந்தக் கோடுகளை அழுக்கென்று நினைத்து, வருடத்துக்கு இரண்டு தரம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துவந்தவர் அவர்.

சரியான பிற் மேர்வினிடம் இருந்தது. அது தலைக்குள் போய் அச்சொட்டாக இருந்தது. திருப்பினான். அசையவில்லை. இருந்த பலமெல்லாம் போட்டுத் திருப்பினான். பிற் முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மேர்வின் எழும்பி நின்று காரை ஒரு மரியாதையோடு பார்த்தான்.

"இருவது வருசமா இந்த வேலை செய்யிறன் ஐயா. இப்பிடி ஒரு பிடிவாதத்தை நான் காணேல்லை."

"துருவாயிருக்கும்."

"கடலுக்குள்ளை கிடந்த வள்ளத்து எஞ்சினையே கழட்டினனான்."

மேர்வினின் பையில் இன்னொரு சாமான் இருந்தது. பிற்றை அதில் மாட்டிப் பின்பக்கத்தில் சுத்தியலால் அடித்தால், அடிக்கிற அடியிலேயே அது திருகும். வைத்து ஓங்கி ஒரு அடி போட்டான். ஸ்குறூ அசையவில்லை. மேலே இருந்த கண்ணாடி 'சடார்' என்று கதவுக்குள் இறங்கி மறைந்தது.

இருவரும் கண்ணாடி இருந்த இடத்தைப் பார்த்தார்கள். அங்கே காற்றுத்தான் இருந்தது.

"இன்னும் ஒரேயொரு அடி" என்றான் மேர்வின்.

அந்த ஒரேயொரு அடியில் கதவின் பூட்டுக்குள் எதுவோ உடைந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கைபிடியை இழுத்தார் பஸ்ரியாம்பிள்ளை. கைபிடி கையோடு வந்தது, கதவு வரவில்லை.

வலது பின்கதவு தொண்ணூறுகளில் செல் குண்டுத் துண்டு பட்டு, வெல்ட் அடித்து மூடிய கதவு. பின்சீற்றில் ஏறவும் இறங்கவும் இருந்த ஒரே வழி இந்த இடது கதவுதான். சனிக்கிழமை நிலத்தில் இழுபடும் எட்டு முழச் சட்டை வாலோடு வரப்போகிற மணப்பெண் எதனால் இறங்குவாள்?

சத்தம் கேட்டு ஞானசவுந்தரி வெளியே வந்தாள். கண்ணாடியில்லாத கதவைப் பார்த்தாள். கணவரின் கையிலிருந்த கைபிடியைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் துசாரா போன் எடுத்தாள்.

"பெரியப்பா, கார் சரிதானே?"

"மினுங்குது பிள்ளை" என்றார். அது பொய்யில்லை. அந்த ஒரு கதவைத் தவிர மற்றதெல்லாம் மினுங்கிக்கொண்டுதான் இருந்தது.

"நான் உங்களைத்தான் நம்பியிருக்கிறன்."

போனை வைத்தார். பிள்ளை நம்பியிருக்கிறாள் என்பதுதான் நெஞ்சுக்குள் நின்று குத்தியது. திட்டியிருந்தால்கூடச் சுகமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை மேர்வின் டிறில் மெசினோடு வந்து, முன்கதவால் ஏறிப் பின்சீற்றுக்குள் இறங்கினான். கழற்ற ஏலாதென்றால் துளைத்து எடுப்பது, வேறு வழியில்லை. முதல் ஸ்குறூவிலேயே டிறில் வழுக்கிச் சிவப்பு றெக்சினில் ஒரு முழத்துக்குக் கோடு கிழித்தது. பஸ்ரியாம்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். மத்தியானத்துக்கிடையில் ஆறு தலையும் போயின. பலகை கழன்றது. அவர் கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

கடக் என்ற சாமான் அகப்பட்டது. அது ஒரு ஸ்குறூ. பத்து வருடங்களுக்கு முன்பு இதே கதவைக் கழற்றிப் பூட்டியபோது ஆறில் ஒன்று காணாமல் போனதும், கோழி விழுங்கியிருக்கும் என்று சொல்லிப் புதிதாக ஒன்று போட்டதும் அவருக்கு நினைவுக்கு வந்தன. அந்தக் கோழியை அடுத்த ஞாயிறு அடித்துச் சமைத்து, இரைப்பையையும் பிளந்து பார்த்தவர்.

"இதுக்காகவோ ஐயா?" என்று மேர்வின் மெதுவாகக் கேட்டான்.

அவர் அந்த ஸ்குறூவைச் சேட்டு நுனியால் துடைத்தார்.

பூட்டை ஒருமாதிரி விடுவித்துக் கதவைத் திறந்தார்கள். திறந்த கதவு பிறகு சாத்துப்படவில்லை. கடைசியில் மேர்வின், வள்ளம் கட்டுகிற நீலக் கயிற்றால் கதவை முன்சீற்றோடு சேர்த்து மூன்று முடிச்சுப் போட்டான்.

"கோயில் வாசலிலை நீங்கள் இறங்கி முடிச்சை அவிட்டால், பொம்பிளை இறங்கலாம்" என்றான்.

மூன்று முடிச்சு. ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்க. வீடியோக்காரனும் நிற்பான். நினைக்க நினைக்கப் பஸ்ரியாம்பிள்ளைக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இதற்கெல்லாம் யார் காரணம்? அவரில்லை. நல்ல பிற் ஒன்று கிடைத்திருந்தால் ஐந்து நிமிட வேலை. துளைத்தெடுத்த ஸ்குறூத் துண்டு ஒன்றையும் முறிந்த பிற்களையும் சேட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

கடைக்குள் ஏறியதும் எல்லாவற்றையும் மேசையில் கொட்டினார்.

"பிள்ளை, கொப்பர் இருந்த காலத்திலை இந்தக் கடையிலை இப்பிடிச் சாமான் விக்கிறேல்லை. உன்ரை பிற்றாலை என்ரை மானம் போகப்போகுது. நாளைக்கு ஒரு மணப்பெண் கயிறு கட்டின கதவாலை இறங்கப் போறாள்."

சுலோஜனா பதற்றப்படவில்லை. முறிந்த பிற்களை ஒதுக்கிவிட்டு ஸ்குறூத் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"திருகுப் புரியிலை சிவப்பாப் பிடிச்சிருக்கே, இது என்ன ஐயா?"

"துரு."

"துருவெண்டால் விரலிலை ஒட்டுமெல்லோ?" நகத்தால் சுரண்டினாள். அது கண்ணாடி போல இறுகியிருந்தது. அவள் திரும்பித் தன் பின்னாலிருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தாள். முதன்முறையாக அவள் முகத்தில் திடுக்கம் தெரிந்தது.

"ஐயா, பிற்றிலை பிழையில்லை" என்றாள். "'கலியாணம் முடியுமட்டும் இந்த மனுசன் காரிலை ஒரு ஸ்குறூவையும் அசைக்கப்படாது, அப்பிடி ஒரு பசை இருந்தால் தா பிள்ளை' எண்டு கேட்டு, திங்கக்கிழமை உங்கட வீட்டம்மாதான் ரெண்டு குப்பி வாங்கிக்கொண்டு போனவா."