கசாயக் கிராணி அறுத்த ஸ்டூல்கள்

ஒருவனையும் வியாதி அண்ட விடுவதில்லை என்று சபதம் எடுத்து, அந்தச் சபதத்தாலேயே ஓர் ஆபீஸ் முழுவதையும் படுக்கையில் தள்ளிய மனிதர் இந்தப் பினாங்கில் எங்கள் கசாயக் கிராணி ஒருவர்தான்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை. பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். துறைமுகத்துக்கு எதிரே ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் நாங்கள் பத்துப் பேர் கிராணி வேலை பார்த்தோம். ஊரில் குமாஸ்தா என்பார்களே, அதுதான். எங்களுக்கு மேலே அவர், பெரிய கிராணி.

காலை பத்து மணிக்குக் கப்பலே வந்து நின்றாலும் எங்கள் பேனா நின்றுவிடும். பெரிய கெண்டி நிறைய நிலவேம்புக் கசாயம் வரும். குடித்தவன் முகத்தைப் பார்த்தால் பார்த்தவனுக்கும் கசக்கும்.

"குடிங்கடா! இதைக் குடிச்சவன் சாக மாட்டான்."

"குடிக்காதவன், ஐயா?" என்றேன் நான்.

"அவனை நானே கொன்னுடுவேன்!"

ஆகவே வாயில் வாங்கிக்கொண்டு, வராந்தாவில் துரை வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் போய்க் கொப்பளிப்போம். ஒரு மாதம் கழித்து அந்தத் தொட்டிகளுக்கு முன்னால் எங்களை வரிசையாக நிற்க வைத்தார். "பாருங்கடா, கடக்காத்துல செடி எப்படித் தளதளன்னு இருக்கு! நீங்க மட்டும் ஏண்டா வாடிக் கெடக்குறீங்க?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். எங்களுக்குச் சிரிப்பை அடக்கத்தான் கசாயம் தேவைப்பட்டது.

கூத்தாகவே போய்க்கொண்டிருந்த இந்த விஷயம், சவரிமுத்து அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு கூத்தாக இல்லை. சவரி அண்ணனுக்கு ஜெலுத்தோங்கில் வீடு, மூன்று பெண் பிள்ளைகள். முத்து முத்தாகச் சரக்குப் பதிவு எழுதுவார். மாதத்துக்கு இரண்டு தடவை இடுப்பு வலி வந்து படுத்துவிடுவார். எங்கள் துரை ஆள் குள்ளம், குரல் மட்டும் கப்பல் சங்கு. அவர் ஒருநாள் எல்லார் காதிலும் விழும்படிச் சொல்லிவிட்டார்: இன்னொரு நாள் வேலைக்கு வராவிட்டால் சவரிமுத்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறலாம்.

பெரிய கிராணி அன்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. "சவரி, நான் இருக்குற வரைக்கும் உன்னைக் கப்பலேற விடமாட்டேன்" என்றார். சவரி அண்ணனுக்குக் கண் கலங்கியது. எங்களுக்கு அடுத்த கெண்டி கண்ணில் தெரிந்தது.

கெண்டியோடு நிற்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் எங்கள் எல்லாரையும் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். உச்சி வெயிலில் கையைத் தூக்கு, மூச்சை இழு, குனிந்து கால் விரலைத் தொடு! ரிக்‌ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். யாரோ ஸ்டிரைக் என்று சொல்லிவிட, சீக்கியப் போலீஸ்காரர் ஒருவர் தடியோடு ஓடி வந்து, "இனி அப்பா?" என்று மலாயில் அதட்டினார். இது என்ன கூத்து என்று கேட்கிறார்.

பெரிய கிராணி மூச்சை விடாமலே பதில் சொன்னார். "உபாட் லா, துவான்! மருந்து!"

போலீஸ்காரர் எங்களைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. போய்விட்டார். அதற்குள் கால் விரலைத் தொடக் குனிந்த சவரி அண்ணன் நிமிரவில்லை. குனிந்தது குனிந்தபடியே ரிக்‌ஷாவில் தூக்கி வைத்து வீட்டுக்கு அனுப்பினோம். திங்கட்கிழமை காலையில் அவர் வந்தாக வேண்டும்.

சாயங்காலம் பெரிய கிராணி என் கையில் கெண்டியைக் கொடுத்து ஜெலுத்தோங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். சாவு வீட்டுக்குப் போகிற முகத்தோடு உள்ளே நுழைந்தோம். சவரி அண்ணன் தேங்காய் துருவும் பலகைமேல் ஜம்மென்று உட்கார்ந்து, பாட்டு முனகியபடி துருவிக்கொண்டிருந்தார்.

"டேய், இடுப்பு என்னடா ஆச்சு?"

"இவ எண்ணெய் தேய்ச்சுவிட்டா, ஐயா. இங்க உக்காந்தா வலிக்கிறதில்ல. கால் தரையில இருக்குல்ல" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவர் மனைவி விடவில்லை. "அந்த உசர ஸ்டூலு குடுத்தாங்க பாருங்க, அன்னைக்குப் புடிச்ச சனியன்! காலு தொங்கித் தொங்கி மரத்துப் போவுதாம். சொல்லுன்னா சொல்ல மாட்டேங்கிறாரு."

எப்படிச் சொல்வார்? எங்கள் ஆபீஸில் உயரம்தான் உத்தியோகம். புதிதாக வந்தவனுக்குத் தாழ்ந்த பெஞ்சு. வருஷக்கணக்கில் தேய்ந்தவனுக்குத்தான் சீமையிலிருந்து வந்த உயர ஸ்டூல். நெட்டைக் கால் வெள்ளைக்காரர்களுக்காகச் செய்தது. அதில் ஏறிய அன்று சவரி அண்ணன் மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார். எல்லாவற்றையும்விட உயரமான ஸ்டூல் பெரிய கிராணியுடையது. அவருக்கும் கால் தொங்கும்.

"ஐயா, வெளிய சொல்லிடாதீங்க. எறங்கிட்டா அடுத்தவன் ஏறிடுவான்" என்று சவரி அண்ணன் கெஞ்சினார்.

பெரிய கிராணி என் கையிலிருந்த கெண்டியைப் பார்த்தார். "இத்தனை கசாயம் குடுத்தேனே, எங்கடா வலிக்குது, எப்படா வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்றார். கெண்டியைத் திறக்காமலே திரும்பினோம்.

திங்கட்கிழமை காலையில் நாங்கள் ஆபீஸுக்குள் நுழைந்தால், ஸ்டூல் ஒவ்வொன்றும் பெஞ்சு உயரத்துக்குக் குட்டையாகி நின்றது. ஞாயிற்றுக்கிழமை ரம்பத்தோடு வந்து அறுத்திருக்கிறார். முதலில் அறுத்தது தன்னுடையதைத்தானாம், காவல்காரர் சொன்னார். யார் உயரம், யார் தாழ்வு என்று இனி சொல்ல முடியாது. ஆனால் மகானுபாவர் மேசைகளை அறுக்க மறந்துவிட்டார்! உட்கார்ந்தால் மூக்கு வரைதான் வெளியே தெரிந்தது. பேனாவைத் தலைக்கு மேலே தூக்கி எழுதினோம்.

துரை வந்தார். "எங்கே என் கிராணிகள்?" என்று அலறினார். மேசை விளிம்புகளில் கண்கள் மட்டும் உருண்டன. சவரி அண்ணன் கண்ணும் அதில் இருந்தது.

"நான்தான் அறுத்தேன், துரை" என்று பெரிய கிராணி முன்னால் வந்தார். "எங்க கால் தரைக்கு எட்டலை. அதனாலதான் இவனுக்கு இடுப்பு போச்சு. அனுப்புறதுன்னா என்னை அனுப்புங்க. சவரி நல்ல வேலைக்காரன்."

துரையின் முகம் சிவந்தது. பெரிய கிராணியைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போனது என்று நாங்கள் மூக்குவரை துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தோம். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ரம்பச் சத்தம் கேட்டது.

துரையின் நாற்காலியும் சீமை நாற்காலிதானே! மேசைக்கடியில் ஒரு சாராயப் பெட்டியைப் போட்டு அதன்மேல் கால் வைத்துக் காலம் தள்ளியிருக்கிறார், பாவம். மத்தியானமே சீனத் தச்சர் வந்து எங்கள் மேசைகளையும் இறக்கினார். சவரி அண்ணன் கப்பல் ஏறவில்லை.

அதற்குப் பிறகு பெரிய கிராணி, "எங்க வலிக்குது?" என்று கேட்காமல் யாருக்கும் வைத்தியம் பார்த்ததில்லை. மூட்டை தூக்குகிறவர்களிடமும் போய்க் கேட்டார். அவர்கள் கேட்டது நிழலும் தண்ணீரும். துரையோடு மல்லுக்கட்டி ஒரு கொட்டகையும் தண்ணீர்ப் பானையும் வாங்கிக் கொடுத்தார்.

கடைசியில் கப்பல் ஏறியவர் அவர்தான், ஓய்வு பெற்று ஊருக்கு. அன்று துறையில் அவருடைய இரும்பு டிரங்குப் பெட்டியைக் கூலிக்காரர் தொடுவதற்கு முன்னால் சவரி அண்ணன் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"டேய், எறக்குடா! இடுப்பு போயிடும்டா!" என்று கத்திக்கொண்டே பின்னால் ஓடினார் பெரிய கிராணி.

சவரி அண்ணன் நிற்கவில்லை, திரும்பவும் இல்லை. அத்தனை வருஷம் ஐயா ஐயா என்றே அழைத்தவர், "போவாது, அண்ணே. நீங்க குடுத்த இடுப்புதானே" என்று சொல்லிவிட்டுக் கப்பல் படியில் நேராக ஏறினார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.