மீசையின் இடது பாதிக்கு ஒரு ஜாமீன் மனு

கம்பம்,
வைகாசி 23.

பெங்களூருவில் கம்ப்யூட்டர் மேய்த்துக்கொண்டிருப்பவனும், வருகிற ஆனி பதினாறில் மாலை சூடப்போகிறவனும், என் அக்காள் பெற்ற ஒரே சிங்கமுமாகிய மாப்பிள்ளை விஜய்பாண்டிக்கு, உன் தாய்மாமன் சுந்தர்ராஜ் வண்டி வண்டியாக ஆசி அனுப்பி எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை சோணையம்மாளும் பன்னீர் திராட்சைக் கொடிகளும் சுகம். அங்கே நீயும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். இல்லையென்றாலும் இதைப் படித்து முடிக்கிறவரை சுகமாக இரு.

போனில் பேசலாமே என்பாய். பேசினால் உன் அத்தை கேட்பாள். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ அதைக் குடும்பக் குரூப்பில் தட்டிவிடுவாய், காபி ஆறுவதற்குள் கண்டம்விட்டுக் கண்டம் போய்விடும். ஆகவே கூரியர்.

விஷயம், என் மீசை. மேகமலை உச்சியில் நின்று பார்த்தாலே தெரியக்கூடிய அந்த மீசை இப்போது ஆபத்தில் இருக்கிறது. நடந்தது இதுதான். தேர்தலுக்கு ஒரு வாரம் முன்னால் சேக் பரீத் டீக்கடையில் உன் அப்பா ஒச்சாண்டியும் நானும் உட்கார்ந்திருந்தோம். அவர் கட்சி வேறு, என் கட்சி வேறு என்பது உனக்குத் தொட்டிலிலேயே தெரியும். பேச்சு முற்றி மீசையில் வந்து நின்றது. சாதாரண மனிதனாக இருந்தால் ஒரு மீசைக்கு ஒரு பந்தயம் கட்டியிருப்பான். நான் யார்? வலது பாதி தேனித் தொகுதிக்கு, இடது பாதி டெல்லிக்கு என்று மீசையைத் தொகுதிப் பங்கீடு செய்துவிட்டேன். தேனியில் யார் கட்சி தோற்கிறதோ அவருக்கு வலது பாதி போகும்; டெல்லியில் தோற்றால் இடது பாதி போகும். இரண்டிலும் நான்தான் ஜெயிப்பேன் என்ற தைரியம். சேக் பரீத் இதைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தார்: "ஜெயிச்ச பக்கத்து மீசைய ஒரு மண்டலத்துக்குத் தொடக்கூடாது. ரெண்டு பக்கமும் சேத்து வழிச்சுட்டு ஸ்டைலுன்னு சொல்லிருவீக, எனக்குத் தெரியாதா?" கீழே இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

நேற்று எண்ணினார்கள். காலை பத்து மணிக்கே தேனி நம் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் ஆயிரம்வாலா சரத்தைத் தெருவில் விரித்து, இனி மாறவே மாறாது என்று ஆனபின் மத்தியானம் பற்றவைத்தேன். அது படபடவென்று பாதித் தெரு போயிருக்கும், டிவியில் டெல்லி கைவிட்டுப் போன செய்தி வந்தது. ஒரு குடம் தண்ணீரை எடுத்து மீதிச் சரத்தின் மேல் நானே ஊற்றினேன். அந்த நேரத்தில் என் மனநிலையைக் கேட்டால், எனக்கே தெரியாது மாப்பிள்ளை. வாங்கி வைத்த அல்வாவைக் கொடுப்பதா, மூடி வைப்பதா? எதிர்வீட்டுக்குக் கொடுத்தேன், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவில்லை. உன் அத்தை பார்த்துவிட்டு, "ஒண்ணு சிரிங்க, இல்ல அழுங்க. ரெண்டுங்கெட்டானா நின்னா நான் என்னத்தச் சமைக்கிறது?" என்றாள். நாடு என்ன ஆகுமோ என்று எனக்குக் கவலை இல்லை. அது என்னைக் கேட்டு ஓடியதில்லை, இனியும் ஓடும்.

சாயங்காலம் உன் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வாழ்த்துகள் மச்சான், டெல்லிக்கு."

"ஒனக்கும் வாழ்த்துலே, தேனிக்கு."

"துக்கம் விசாரிக்கலாம்னு பாத்தேன்."

"நானும் அதுக்குத்தான் போன எடுத்தேன்."

அதோடு போனை வைத்துவிட்டோம். மீசையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். உன் கல்யாணத்துக்குப் பஸ் ஸ்டாண்டில் இருபதடி ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அதில் 'தாய்மாமன் வருகிறார், வழிவிடு' என்று போட்டு, என் மீசையே எட்டடிக்கு இருக்கிறது. அதன் கீழே சீர்த்தட்டோடு, கொட்டுமேளத்தோடு, பாதி மீசையோடு நான் நடந்து வந்தால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? மணப்பெண் யுவராணி மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விட மாட்டாளா? முழுசாக வழித்துவிடலாமென்றால் காலண்டர் தாள் தடுக்கிறது. ஆகவே நீ உன் அப்பாவிடம் பக்குவமாகப் பேசி, என் இடது மீசைக்கு ஆனி பதினாறு வரை ஜாமீன் வாங்கித் தரவேண்டும். அவர் வலது பாதியும் அதுவரை பிழைத்துப் போகட்டும். இதைச் செய்தால் உனக்கு மோதிரம் ஒன்றுக்கு இரண்டாகப் போடுகிறேன்.

உன் தலைமுறை பதினாறும் பெற்று, பதினாறிலும் மீசை வளர வாழ்த்தும்,
தாய்மாமன்
சுந்தர்ராஜ்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் உன் அப்பாவிடம் பேசாதே. கவரை ஒட்டப்போகும்போது வாசலில் பைக் சத்தம். உன் அப்பா. வலது பாதி மழமழவென்று இருக்கிறது, இடது பாதி முறுக்கியபடி நிற்கிறது. சின்னமனூரிலிருந்து ஹெல்மெட்கூட இல்லாமல் அப்படியே ஓட்டி வந்திருக்கிறார்.

"என்ன மச்சான் இது!" என்றேன்.

"தேனியில தோத்தது நாந்தான? சொன்னா சொன்னதுதான். நீ கல்யாணம் முடிஞ்சு எடுத்துக்கலே, சீர் கொண்டு வாரவன் மொகம் நல்லாருக்கணும். நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கேட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன் மாப்பிள்ளை. இப்படிச் சொல்லிவிட்ட மனிதர் முன்னால் முழு மீசையோடு எப்படி உட்கார்ந்து காபி குடிப்பது? உள்ளே போனேன். உன் அத்தை கேட்காமலே கண்ணாடியைப் பிடித்தாள். "ஆத்தாடி, இந்த மனுசனுக்கு இங்கன ஒரு மச்சம் இருந்திருக்கு, இருவத்தெட்டு வருசமாத் தெரியல" என்றாள்.

போட்டோகிராபரிடம் மட்டும் சொல்லி வை. மேடையில் உன் அப்பாவை எனக்கு இடதுபக்கம், தோளோடு தோள் ஒட்டி நிறுத்தச் சொல். என்னிடம் வலது பாதி இருக்கிறது, அவரிடம் இடது பாதி இருக்கிறது. நடுவில் யாரும் வராமல் இருந்தால், முழு மீசை ஒன்று உன் கல்யாணத்துக்கு வரும்.