ஆய் பேங்க்கும் முதல் தரச் சரக்கும்

எல்லைப்புறக் குழந்தைகள் செரிமானநோய் ஆராய்ச்சி உயிரியல் மாதிரிக் காப்பகம், மக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்று, மலையாளச் சர்க்காரின் கீழ் இருக்கும் எங்கள் தமிழ் ஊரில் அமைக்கப்பட்டதாகக் கல்வெட்டு சொல்கிறது. மக்கள் கோரியது குழந்தைகளுக்கு ஒரு வயிற்று டாக்டர். சர்க்கார் அதை விஞ்ஞானபூர்வமாக அணுகியது. டாக்டர் வர வேண்டுமென்றால் நோய் இருக்க வேண்டும். நோய் இருப்பது நிரூபணமாக வேண்டும். நிரூபணத்துக்கு மாதிரி வேண்டும். மாதிரியை வைக்கப் பிரீசர் வேண்டும். ஆகவே முதல் கட்டமாகப் பிரீசர் வந்தது.

ஐஸ் கிரீம் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். மைனஸ் எண்பது டிகிரி. அதற்கு ஏசி அறை, ஏசிக்கு ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்குக் கொட்டகை, கொட்டகைக்கு வாட்ச்மேன். பக்கத்துக் கட்டிடம்தான் தடுப்பூசி போடும் சப் சென்டர். அங்கே ஒரே ஒரு ஃபேன், அதுவும் கரண்ட் இருந்தால் சுற்றும். பங்குனி வெயிலில் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துச் சுவரோரமாக வந்து நிற்பார்கள். உள்ளே மலம் குளுகுளுவென்று இருக்கும்போது சுவரிலும் கொஞ்சம் சில்லிப்பு இருக்குமல்லவா? இவ்வளவு நீளப் பெயரை யார் சொல்லிக்கொண்டிருப்பது என்று ஊரில் அதை ஆய் பேங்க் என்றே அழைத்தோம்.

மேலாளராக மோகனசுந்தரம் வந்தார். அதற்கு முன் சித்தூர்ப் பக்கம் ஒரு உரக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர். இரண்டும் ஏறக்குறைய ஒரே துறை என்று மேலிடத்தில் முடிவு செய்திருந்தார்கள். வந்த வாரமே வீடு வீடாக நீல மூடி டப்பா கொடுக்கப்பட்டது. வயிற்றுக்கோளாறு உள்ள குழந்தையின் சாம்பிளைப் பெயர் ஒட்டிக் காலையில் தர வேண்டும் என்று உத்தரவு.

இங்கேதான் சர்க்காருக்கு எங்களைப் பற்றி ஒன்று தெரியாமல் போனது. எங்கள் பக்கம் மாங்காய் நாடு. முதலமடையிலிருந்து டில்லிக்குச் சரக்குப் போகிறதென்றால் முதலில் சாம்பிள் பெட்டி போகும். அதில் யாராவது வெம்பினதை வைப்பார்களா? தோப்பிலேயே நல்ல காயாகப் பொறுக்கி, துடைத்து, காம்பெல்லாம் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி அனுப்புவோம். மீதித் தோப்பு எப்படி இருக்கிறது என்பது லாரி டில்லி போய்ச் சேர்ந்தபிறகு பேசிக்கொள்ளும் விஷயம். சாம்பிள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தோப்புக்காரர் பொங்கியண்ணனின் பேத்தி தமிழ்ப்ரியா. ஆறு வயது, பார்த்தால் நாலு மதிக்கலாம். எதைச் சாப்பிட்டாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடும். பேதி நிற்காது, சில நாள் ரத்தமும் போகும். அப்பன் மாங்காய் லாரியோடு டில்லிப் பாதையில் இருப்பான். அம்மா கோமதி அந்த வயிற்று டாக்டர் வர வேண்டுமென்று வேண்டாத சாமி இல்லை. கோயமுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனால் பாதி வழியிலேயே குழந்தை துவண்டுவிடும். டாக்டர் பக்கத்திலேயே இருந்தால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

கோமதி டப்பாவை நிரப்பி, பெயர் ஒட்டி வாசலில் வைத்தாள். பொங்கியண்ணன் மூடியைத் திறந்து பார்த்தார்.

"ஏனம்மிணி, இதையா சர்க்காருக்குக் குடுக்கறது?"

"அதத்தானுங்க மாமா கேட்டிருக்கறாங்க."

"மூடி மேல நம்ம ஊட்டுப் பேரு ஒட்டியிருக்குது. நாளைக்குத் திருவனந்தபுரத்துல எவனாச்சும் தொறந்து பாத்துப்போட்டு, பொங்கியண்ணன் ஊட்டுச் சரக்கு இவ்வளவுதானான்னு கேட்டா?"

கோமதி உள்ளே போனதும் டப்பாவை வேலியோரம் கவிழ்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு குப்பண்ணன் வீட்டுக்கு நடந்தார். குப்பண்ணனின் மகன் பிரதீப், கல்லைத் தின்றாலும் செரிக்கும் வயிறு என்று ஊரில் பேர் வாங்கியவன்.

"குப்பண்ணா, தம்பி காலைல வெளிய போயிட்டானா?"

"இன்னும் இல்லீங்க. ஏனுங்க?"

"ஒண்ணுமில்ல, ஒரு டப்பா நெறைய வேணும்."

அப்போது வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். மாங்காய் வியாபாரி குஞ்சு முகம்மது ராவுத்தர். மகள் நஜ்மாவுக்கும் வயிறு சரியில்லை. அவர் கையிலும் ஒரு நீல மூடி டப்பா. இரண்டு பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள், மழை வருமா என்று.

அந்த மாதம் முழுக்கக் குப்பண்ணன் வீட்டு வாசலில் கூட்டம். ஜாதி, மதம், பங்காளிச் சண்டை எதுவும் குறுக்கே வரவில்லை. ஊரே இப்படி ஒன்றுபட்டதை நான் பார்த்ததில்லை. தேவைக்கேற்ப உற்பத்தி பெருக வேண்டுமே என்று ஆளாளுக்கு நேந்திரம்பழம், பலாச்சுளை, நெய்ச்சோறு என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். பையனும் கடமை தவறாமல் உழைத்தான்.

கோமதிக்கு விஷயம் தெரிந்தது காப்பகம் தந்த ரசீதைப் பார்த்துத்தான். 'திட நிலை. முதல் தரம்.' தன் மகள் பிறந்ததிலிருந்து அப்படி ஒரு முதல் தரத்தை அவள் பார்த்ததே இல்லை. புதிதாக ஒரு டப்பாவோடு நேரே மோகனசுந்தரத்திடம் போனாள்.

"இத எடுக்க முடியாதும்மா."

"ஏனுங்க சார்?"

"தரம் பத்தாது. தண்ணியா இருக்குது, நாத்தம் வருது, செகப்பா வேற என்னமோ தெரியுது."

"நோவு வந்த கொழந்தைங்க. அப்படித்தானுங்களே இருக்கும்?"

"இருக்கலாம். ஆனா நல்ல நெலமையில இருக்கற சாம்பிளத்தான் ஏத்துக்கணும்னு உத்தரவு. உங்கொழந்த பேர்ல முதல் தரம் உள்ள பத்திரமா இருக்குது. அத எடுத்துப்போட்டு இத வெச்சா காப்பகத்துக்கல்ல நஷ்டம்?"

"உள்ள இருக்கறது எங்கொழந்தயோடது இல்லீங்க!"

"பேரு ஒட்டியிருக்குதே."

"பேரு ஒட்டினா ஆயிருமுங்களா?"

"சர்க்கார்ல வேற எப்படிம்மா ஆகும்?" என்றார் மோகனசுந்தரம். அவர் கேலி பண்ணவில்லை, உண்மையாகவே சந்தேகம் கேட்டார்.

பிறகு தர நிர்ணய அதிகாரி ஜின்சன் வந்தார். வண்டன்மேட்டு மலையாளி, ஏலக்காய்க் குடும்பம். அங்கே ஏலத்தில் சரக்கு மூட்டையைப் பிரிக்க மாட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சாம்பிள் தருவார்கள், நிறமும் பருமனும் பார்த்து விலை சொல்வார்கள். அந்தக் கண்ணோடு வளர்ந்த மனிதர். காப்பகத்தின் வெளியே பந்தல் போட்டு ஊரே கூடியிருந்தது. பிரீசர் திறந்தது, புகை போல் பனி வந்தது. ஜின்சன் தட்டுத் தட்டாகப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"எல்லாம் ஒரே கலரு, ஒரே சைசு. எங்க ஏலத்துலகூட இப்படி ஒரு லாட் நான் கண்டதில்ல கேட்டோ!"

"எல்லாம் பொதுஜன ஒத்துழைப்புங்க சார்" என்றார் மோகனசுந்தரம். அது மட்டும் சத்தியமான வார்த்தை.

அப்போது கோமதி தமிழ்ப்ரியாவைத் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தாள். "சார், இவளப் பாருங்க. இவளுக்குத்தான் டாக்டர் வேணும்."

ஜின்சன் கெட்டவர் இல்லை. குழந்தையின் கன்னத்தைத் தொட்டு, "பாவம், பேரு என்னா?" என்று கேட்டார். பேரைச் சொன்னதும் மோகனசுந்தரம் டப்பாவை எடுத்து நீட்டினார். ஜின்சன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"பயப்படாதீங்க சேச்சி. குட்டிக்கு ஒரு குழப்பமும் இல்ல. ஏ ஒன்!"

"சார், கொழந்தையப் பாருங்க! டப்பாவ விடுங்க!"

"சேச்சி, டப்பா மைனஸ் எண்பதுல இருக்கு, மாறாது. குழந்தை வெளியில இருக்கறதல்லே? வெளியில வெச்சா எதுவும் கொஞ்சம் மாறும்."

குழந்தையால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. பளபளக்கும் டைல்ஸ் தரையில், அதிகாரியின் ஷூவுக்கு ஒரு சாண் தள்ளி, நடந்துவிட்டது.

"உங்களுக்கு வேண்டிய சாம்பிள் இதா தரையில இருக்குது. எடுத்துக்குங்க!" என்று கத்தினாள் கோமதி.

மோகனசுந்தரம் பாய்ந்து போய்ப் பிரீசர் கதவைச் சாத்தினார், உள்ளே இருப்பவை அசுத்தமாகிவிடக் கூடாதென்று. அடுத்து பினாயிலுக்கு ஆள் அனுப்பினார். நோய்க்கான ஒரே நிரூபணம் துடைப்பத்தால் தள்ளி வாளியில் கொட்டப்பட்டது. எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது.

கோமதி பந்தலைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்களாச்சும் சொல்லுங்க! உள்ள இருக்கறது யாரோடதுன்னு ஒருத்தராச்சும் சொல்லுங்க!"

சொன்னால் தன் வீட்டுப் பிள்ளைக்குப் பேதி என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாக ஆகுமே. பொங்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ராவுத்தர் மழையைப் பற்றி ஏதோ சொன்னார்.

அறிக்கை வந்தது. எல்லைப்புறக் குழந்தைகளின் குடல் வியக்கத்தக்க ஒற்றுமையும் உறுதியும் கொண்டது. இப்பகுதியில் செரிமான நோய் என்பதே இல்லை. எனவே வயிற்று டாக்டர் பணியிடம், நோய் இருப்பதை ஒழுங்காக நிரூபித்த வேறொரு மாவட்டத்துக்கு மாற்றப்படுகிறது. காப்பகத்துக்குச் சிறந்த மாதிரிப் பராமரிப்புக்கான கேடயம் கிடைத்தது. ஃபிளக்ஸ் வைத்துக் கொண்டாடினோம்.

அடுத்த திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் கோமதி குழந்தையோடு கோயமுத்தூர் புறப்பட்டாள். மாமனார் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். குழந்தைகள் வயிற்று டாக்டரின் ஆஸ்பத்திரியில் உட்கார இடம் தேடிப் பார்த்தால், மூலையில் ராவுத்தரும் நஜ்மாவும்.

"ஏனுங்க ராவுத்தரே, இந்தப் பக்கம்?"

"சும்மாதான், ஒரு கல்யாணத்துக்குத் துணி எடுக்கலாம்னு. நீங்க?"

"நாங்களும் துணிக்குத்தானுங்க."

பொங்கியண்ணன் வரிசையாகப் பார்த்தார். அத்தனையும் நம்ம ஊர் முகம். அத்தனை பேரும் துணி எடுக்க வந்தவர்கள். நர்ஸ் வந்து ஆளுக்கொரு டப்பா கொடுத்து, "சாம்பிள் எடுத்துட்டு வாங்க" என்றாள்.

பொங்கியண்ணன் பழக்க தோஷத்தில் டப்பாவோடு எழுந்து குப்பண்ணனைத் தேடினார். குப்பண்ணனும் அங்கேதான் இருந்தான். அவன் மடியில் பிரதீப், ஊரார் ஊட்டிய பலாச்சுளையும் நெய்ச்சோறும் தாங்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

கோமதி மாமனார் கையிலிருந்த டப்பாவை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மகளோடு கழிப்பறைப் பக்கம் போனாள். அன்று அந்த ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஊரிலிருந்து போன உண்மையான சாம்பிள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் எல்லாம் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, தெரியாத ஊர்க் குழந்தைகளில் எது கொஞ்சம் கொழுகொழுவென்று இருக்கிறது என்று நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். துணி எடுக்கத்தான் போயிருந்தேன். மகனையும் கூட்டிப் போயிருந்தேன். அவனுக்கு அளவு பார்க்க வேண்டுமே.