அப்பா மூன்று சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டார்

எசிஹா,
தவக்காலத்தின் முதல் ஞாயிறு

பேரன்புக்குரிய எல்விரா அத்தைக்கு,

உங்கள் முழங்கால் வலி, மாமாவின் கிளிகள், பில்பாவோவின் மழை எல்லாம் அளவோடு இருக்க வேண்டுகிறேன். இங்கே அளவு மீறியது ஒன்றுதான். உங்கள் தம்பி.

அறுவை சிகிச்சை எப்படி முடிந்தது என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக. ஆபத்தான அளவுக்கு நன்றாக.

போன வருடம் அவர் இருந்த நிலை உங்களுக்குத் தெரியும். நிமிர்ந்தால் கால் மரத்துவிடும். எதையாவது பிடித்துக் குனிந்தால்தான் நடை. ஆகவே சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி. நாளுக்கு இரண்டு முறை போவார், ஒரு மணி நேரம் தள்ளுவார், ஒரு எலுமிச்சை வாங்குவார். வீட்டில் அறுபது எலுமிச்சை. டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்து, "முதுகெலும்புல நரம்பு போற வழி குறுகிடுச்சு, ஒரு எலும்பும் நழுவியிருக்கு. வழியை அகலப்படுத்தி ஆறு திருகாணி போட்டு நிறுத்திடலாம். கால்வலி போயிடும்னு நம்பறேன். முதுகுவலிக்கு வாக்குத் தர மாட்டேன்" என்றார். அப்பா கேட்டது ஒன்றே. "சப்பரம் தூக்கலாமா?"

"ஆளுக்கு எவ்வளவு?"

"நாப்பது கிலோ. பிடரியில. எட்டு மணி நேரம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "கூடவே கூடாது. திருகாணி பிடுங்கிட்டு வந்துடும்."

"சரி" என்றார் அப்பா. முப்பத்தோரு வருடம் மாதா சப்பரத்துக்கு அடியில் போனவர் சொல்லும் சரி.

நேற்று மாதா சபையின் கொட்டகையில், சப்பரம் தூக்கும் ஆட்களை அளவெடுக்கும் நாள். அம்மாவிடம் எலுமிச்சை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, பிடரியில் வைக்கும் சும்மாட்டுத் துணியைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடினார். ஓடினார், அத்தை! தடுக்க நானும் பின்னால் ஓடினேன். மேஸ்திரி பாஸ்குவாலுக்குத் தலை உயரம் தேவையில்லை. தரையிலிருந்து பிடரி எலும்பு வரைதான் அளப்பார். ஒரு வரிசையில் எல்லாப் பிடரியும் ஒரே மட்டம். நான்காம் வரிசை, நூற்று நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். அது அப்பாவின் இடம்.

"நூத்தி நாப்பத்தாறு" என்றார் பாஸ்குவால்.

"கோலைத் துடைச்சிட்டு மறுபடி பாருடா."

"நூத்தி நாப்பத்தாறு. ஃபெர்மின், உன்னை இஸ்திரி போட்டு அனுப்பியிருக்காங்க. நாலாம் வரிசையில நின்னா பாரம் மொத்தமும் உன் பிடரியிலதான் உக்காரும்."

"அப்ப உசரமானவங்க நிக்கற முன்வரிசையில போடு."

"அது நிறைஞ்சிருச்சு."

"முழங்காலை மடக்கிக்கறேன்."

"எட்டு மணி நேரமா, மாப்ள?"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. அப்பா மட்டும் சும்மாட்டை மடித்தார். மெதுவாக. நான்கு மடிப்பு. பாஸ்குவால் தண்ணீர்ப் பானையை நீட்டினார். "சப்பரத்துக்கு வெளிய கூடவே வா. ஆளுங்களுக்குத் தண்ணி குடு. நிமிர்ந்து நட."

சும்மாட்டைச் சட்டைக்குள் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நான்காம் வரிசையில் ஓர் இடம் காலி. பெண்களும் சப்பரம் தூக்க வரலாம் என்று சபை போன வருடமே தீர்மானித்தது. எவளுக்கு அவ்வளவு கிறுக்கு? தாத்தா, பெரியப்பா, அப்பா. மூன்று முதுகு போதும். நம் குடும்பத்தில் இனி ஒரு பிடரியும் சப்பரத்துக்கு அடியில் போகாது. நிம்மதியாகத் தூங்குங்கள்.

மாதா உங்கள் எலும்புகளை அதனதன் இடத்திலேயே வைத்திருக்கட்டும்.

அன்பு மருமகள்,
ஆம்பாரோ

பி.கு.: தபால் பெட்டிக்குப் போகும் வழியில் கொட்டகை திறந்திருந்தது. சும்மா அளந்து பார்த்தேன். நூற்று நாற்பத்து மூன்று. பானையோடு ஒத்திகையில் இருந்த அப்பாதான் எனக்குச் சும்மாடு கட்டிவிட்டார். முடிச்சை இழுத்துச் சரிபார்த்தார். பிறகு, "நேரா நில்லுடி" என்றார். அம்மாவிடம் எலுமிச்சை வாங்கப் போனதாகச் சொல்லியிருக்கிறேன்.