ரிஜெக்ட் சார் பெண் பார்க்கப் போன கார்

ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி வாலாஜாபாத் வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் ரிஜெக்ட் சாரைப் போல எதிலும் குறை கண்டுபிடிக்கிற ஆளைப் பார்க்க முடியாது. தன்னுடைய காரில் மட்டும் ஒரு குறையும் காணாத ஆளும் அவரேதான்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய ஒரு சின்னத் தொழிற்சாலையில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். நான் டைம் ஆபீஸ். யார் யார் தாமதமாக வருகிறார்கள் என்று குறித்துவைப்பது என் உத்தியோகம். நான் தாமதமாக வருவதைக் குறிக்க நிர்வாகம் தனியாக ஆள் போடாததால் என் பெயர் கெடாமல் இருந்தது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ரிஜெக்ட் சார்தான். மேல்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு தூரிகை, கையில் சிவப்பு பெயின்ட் டப்பா. தலைமுடி அளவு பிசகியிருந்தாலும் சிவப்புப் பொட்டு வைத்து மூலையில் தள்ளிவிடுவார். ஒருநாள் கேன்டீனில் உளுந்து வடையை எடுத்து வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்தார். "ஓட்டை நடுவுல இல்லப்பா" என்று தட்டைத் திருப்பி அனுப்பினார். கேன்டீன்காரர் அன்றிலிருந்து அவருக்கு மசால் வடைதான் கொடுத்தார். அதில் ஓட்டை கிடையாது.

இப்படிப்பட்டவர், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வாடகை வீடுகளுக்குப் பின்னால் இருந்த கீற்றுக்கொட்டகையில் ஒரு கார் வைத்திருந்தார். பழைய இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், கூரை இல்லை, இரண்டே சீட்டு. ஏதோ தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது, கைமாறிக் கைமாறி இவரிடம் வந்து சேர்ந்திருந்தது. நாற்காலியைக்கூடக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போன மனிதர் காரை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று ரிஜெக்ட் சார் ஒருநாளும் யோசித்ததில்லை.

தொழிற்சாலையில் இருந்த ஸ்பேனர்களில் ஒன்றுகூட அந்தக் காரின் நட்டுகளுக்குப் பொருந்தாது. நம்முடையது மில்லிமீட்டர், அது ஏதோ ராஜா காலத்து அங்குலக் கணக்கு. ஊரில் எல்லாக் கார்களுக்கும் பேட்டரியின் மைனஸ் முனை பாடியோடு சேர்ந்திருக்கும், இதற்குப் பிளஸ். கீழே எண்ணெய் சொட்டும். சொட்டினால், "உள்ளாற ஆயில் கீதுன்னு நமக்குச் சொல்லுதுபா" என்பார். சொட்டாத நாட்களில்தான் கவலைப்படுவார்.

அந்த எஞ்சினுக்குக் கார்புரேட்டர் இரண்டு. காற்று வடிகட்டிகள் எப்போதோ தொலைந்துபோய், இரண்டும் பாட்டு வாத்தியாரிடம் வந்த பிள்ளைகளைப் போல வாயைத் திறந்துகொண்டு நிற்கும். இரண்டும் ஒரே அளவு காற்று இழுத்தால்தான் வண்டி ஒழுங்காக ஓடுமாம். அதற்காகத் தினமும் சாயங்காலம் ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். போகிறவர்கள் நின்று விசாரிப்பார்கள்.

"இன்னா சார் சொல்லுது?"

"முன்னாடி கீறவன் ஒழுங்கா இழுக்குறான். பின்னாடி கீறவன் ஓபி அடிக்கிறான்."

என்னையும் இதில் மாட்டிவிட்டது பெட்ரோல் பம்ப்தான். அது கரண்டில் ஓடுவது, என் சீட்டுக்குப் பின்னால் இருந்தது. டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் வண்டியும் நிற்கும். அப்போது செருப்பைக் கழற்றிப் பின்னால் கை விட்டு ஒரு தட்டு தட்ட வேண்டும். "ஸ்பேனரால அடிச்சா அதுக்குக் கோவம் வரும். செருப்புதான் கரெக்ட்" என்பார். பி.ஏ. இலக்கியம் படித்தவன் நான். அந்தப் படிப்புக்குப் பொருத்தமான ஒரு பொறுப்பை முதன்முதலில் கொடுத்தவர் அவர்தான்.

காரால் நடக்காமல் போன ஒரே காரியம் கல்யாணம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பெண் வீட்டார் வருவார்கள், பையன் நல்ல பையன் என்பார்கள், பின்னால் கொட்டகைக்குப் போய் ஒரு தரம் எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் தகவல் இருக்காது.

குன்றத்தூரில் அவருக்கு ஒரு அத்தை. அவர் விடாமல் தேடி வாலாஜாபாத்தில் ஒரு வரன் கொண்டுவந்தார். பெண்ணின் பெயர் மரகதம், பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஓடாத வண்டிகளைப் பற்றி அவருக்கு முப்பது வருஷக் கருத்துகள் இருந்தன.

"அந்தக் காரை வித்துட்டு வந்தா பேசலாம்றாருடா" என்றார் அத்தை.

"வண்டிக்கு இன்னா கொறை அத்தை? அந்த வண்டிலயே வந்து அவரு வூட்டு வாசல்ல நிறுத்துறேன்னு சொல்லு."

கண்டக்டர் பதில் அனுப்பினார்: "ஞாயித்துக்கெழமை ராகுகாலத்துக்கு முன்னாடி அந்த வண்டி தானா எங்க வாசல்ல வந்து நிக்கட்டும், மேல்கொண்டு பேசலாம். தள்ளினு வந்தா, அப்டியே தள்ளினு திரும்பிப் போயிடணும்."

அன்று சாயங்காலம் ரிஜெக்ட் சார் டியூபும் காதுமாக உட்காரவில்லை. சும்மா காரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். "ஓட்டல் சாப்பாடு அலுத்துப்போச்சுபா" என்றார். "பேசறதுக்கும் இது ஒண்ணுதான் கீது. இது இன்னா சொன்னாலும் எனக்குத்தான் கேக்குது." நான் ஒரு பழைய துணியை எடுத்துக் காரின் மறுபக்கத்தைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை முன்னதாகவே வந்து காருக்குப் பூஜை போட்டார். தேங்காய், எலுமிச்சை, சந்தனம், குங்குமம். மாப்பிள்ளை உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். நான் சக்கரங்களுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். பூஜையை முடித்த அத்தை, பானெட்டைத் தானே அமுக்கி மூடிவிட்டு, "கூரை இல்லாத வண்டில தலைய விரிச்சினு நான் வரமாட்டேன்" என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையோடு சித்தப்பா பெரியப்பா என்று வேன் நிறைய ஆள் போவதுதான் வழக்கம். எங்கள் தரப்பில் மாப்பிள்ளை ஒருவர், செருப்போடு நான் ஒருவன்.

ஒரகடம் வரைக்கும் வண்டி பறந்தது. ஆடு மேய்ப்பவர்கள் கையசைத்தார்கள். ஒரகடம் தாண்டியதும் இருமியது.

"பம்ப்" என்றார்.

செருப்பால் அடித்தேன். பம்ப் டிக் டிக்கென்று நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. காரணமில்லாமல் வாங்கிக்கொண்டது. வண்டி மறுபடி இருமியது.

புளியமர நிழலில் நிறுத்தினார். வெயிலில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும் என்று என் புதுத் துண்டைப் பக்கத்து ஏரியில் நனைத்து பெட்ரோல் குழாய்க்குச் சுற்றினார். பிளக்குகளைக் கழற்றித் துடைத்தார். தீப்பெட்டி உரசுகிற பட்டையால், பிளக்குக்குக் கரண்டைத் தட்டிவிடுகிற பாயின்டைத் தேய்த்தார். இருபக்கமும் எட்டிப் பார்த்து, ஒயர்களை ஒவ்வொன்றாக ஆட்டி, பேட்டரியை முறைத்தார். ஒரு லாரிக்காரர் நிறுத்தி, "கயிறு போடவா சார்?" என்றார். "கயிறு போட்டா பொண்ணு கெடைக்காதுபா" என்றார் இவர். லாரிக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்பினோம். இருமல், தும்மல், நடுநடுவே துப்பாக்கி வெடிப்பது போல ஒரு சத்தம். எப்படியோ வாலாஜாபாத் வந்து, அந்தத் தெருவில் திரும்பி, கண்டக்டர் வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வண்டி ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. நாலு வீடுதான் பாக்கி.

வாசலில் கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஆள் வேட்டியை மடித்துக்கட்டி, "தள்ளிடலாம் சார், நாலு வூடுதானே" என்று காரின் பின்னால் கை வைத்தார்கள்.

"யாரும் தொடாதீங்க" என்றார் ரிஜெக்ட் சார். மறுபடி பிளக்கிலிருந்து ஆரம்பித்தார்.

பஸ்ஸில் முன்னாலேயே வந்துவிட்டிருந்த அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, திறந்திருந்த பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"எங்கடா நான் வெச்ச பூவு?"

"இன்னா பூவு?"

"உள்ள கீற ரெண்டும் வாயத் தொறந்த மூஞ்சி மாதிரி இருந்துது. வாய சுத்தி ஆளுக்கு ஒரு மொழம் மல்லி சுத்தி வுட்டேன். ஒண்ணக்கூட காணுமே."

ரிஜெக்ட் சார் ரப்பர் டியூபை எடுத்தார். என்னை ஸ்டார்ட்டரை இழுக்கச் சொன்னார். தெரு முழுக்க வாயை மூடிக்கொண்டது. முன்னாடி இருப்பவன் வாயில் வைத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். பின்னாடி இருப்பவன் வாயில் வைத்தார். முகம் மாறியது. "மூச்சே இல்ல" என்றார். ஒரு முழம் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. இன்னொரு முழத்தை எஞ்சின் உறிஞ்சி விழுங்கியிருந்தது.

அந்தக் கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் சின்ன பிஸ்டனை விரலால் தூக்கிப் பிடித்தார். அடியில் வெள்ளையாக நூல் தெரிந்தது. என் விரல் நுழையவில்லை. அத்தையின் கொண்டை ஊசி வழுக்கியது.

"கொஞ்சம் நகருங்க" என்று ஒரு குரல்.

பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டிய பெண் தெருவில் நின்றுகொண்டிருந்தார். கையில் நூல் பின்னுகிற குரோஷா ஊசி. "அப்டியே தூக்கிப் புடிங்க, வுட்டுடாதீங்க" என்று ரிஜெக்ட் சாரிடம் சொல்லிவிட்டுக் குனிந்தார். வளைந்த முனையை உள்ளே விட்டு, நூலைக் கோத்து, அறுந்துவிடாமல் மெதுவாக இழுத்தார். பெட்ரோலில் ஊறிய மல்லிகைச் சரம் வந்துகொண்டே இருந்தது. இரண்டு தலைகளும் பானெட்டுக்குள் இருந்தன. அவர்கள் முதன்முதலாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது அந்தக் கார்புரேட்டருக்கு மேலேதான்.

"கட்டுனது நெருக்கமா கீது" என்றார் மரகதம். "அதான் அறுவாம வந்துச்சு."

வண்டி ஒரே இழுப்பில் கிளம்பியது. நாலு வீட்டைத் தாண்டி வாசலில் போய்த் தானாகவே நின்றது. கண்டக்டர் கடிகாரத்தைக் காட்டினார்.

"ராகுகாலம் பொறந்துடுச்சு."

"உங்க வாட்சு எப்பவும் முன்னாடிதானப்பா ஓடும்" என்றார் மரகதம். "பஸ்ச வுட்டுடக்கூடாதுன்னு நீங்களே வெச்சதுதானே."

"அது சரிம்மா. தானா வரணும்னு சொன்னேன். நீ கை வெச்சுத்தானே வந்துது?"

"நான் தள்ளலியே. தள்ளினாத்தானே திரும்பிப் போவணும்னீங்க?" முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்; பட்டுப்புடவையில் கறுப்பாக எண்ணெய் ஏறியது. "அவர உள்ள வரச் சொல்லுங்கப்பா. நானும் போயி டீச்சர் மாதிரி இல்லாம பொண்ணு மாதிரி உக்காந்துக்குறேன்."

முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறியவர்களையெல்லாம் அதட்டியவர், வாசலிலிருந்து ஒதுங்கி வழிவிட்டார்.

கல்யாணம் குன்றத்தூர் மலைக்கோயிலில் நடந்தது. வண்டியில் சீட்டு இரண்டுதான் என்பதால் என் வேலை அன்றோடு போயிற்று. செருப்பு மரகதத்திடம் போனது. என்னைவிட அவர் நன்றாக அடிப்பதாகக் கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிள்ளைப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவர்கள் கடந்து போவார்கள். இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டு போவார்கள். காற்றில் ஒன்றும் கேட்காது. எனக்குக் கையைக் காட்டுவார்கள், நிறுத்த மாட்டார்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்புமோ என்னவோ. நானும் கையைக் காட்டிவிட்டு, அந்தப் பச்சை வண்டியின் சத்தம் வளைவைத் தாண்டி முழுக்க அடங்கும் வரை நிற்பேன். அதற்குள் என் பஸ் வந்து போயிருக்கும். அடுத்த பஸ்ஸில் போனால் போகிறது என்று இருந்துவிடுவேன்.